மூணாவது ரிலே

"ரெண்டு ரிலேவை டெஸ்ட் பண்ணினா போதும். மூணாவதுக்கு வயர் மட்டும் போட்டு வைங்க," என்றார் மேனேஜர்.

ஹெட் ஆபீஸிலிருந்து சாட்டிலைட் வழியே சிக்னல் வந்தால் ரிலே என்ற சுவிட்ச் தானாக இணையும். எங்கள் ரேடியோ நிலையத்தில் பதிவு செய்து வைத்த அறிவிப்பு தானாக ஒலிக்கும். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. அவர் தலை மறைந்ததும் மூன்றாவதையும் டெஸ்ட் செய்தேன்.

ஸ்பீக்கரில் எங்கள் அறிவிப்பாளரின் தேன்குரல்: "நேயர்களே, இன்றுமுதல் இந்த நிலையம் ஆளில்லாமல் தானாகவே இயங்கும். விடைபெறும் எங்கள் இன்ஜினியருக்கு நன்றி!"

எனக்கான குழியை நானே வெட்டியிருக்கிறேன்.

ஸ்டூடியோ வாசலில் அறிவிப்பாளர் தலைகுனிந்து நின்றாள். "எனக்கு ஹெட் ஆபீஸ்ல வேலை குடுத்துட்டாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க..."

"காலையில டிபன் கட்டிக் குடுத்தியே, அப்பவாவது சொல்லியிருக்கலாமேடி?"