பட்டாணி அளவு பேஸ்ட்

பல் டாக்டரம்மா சின்னக் கண்ணாடியைப் பாப்பாவின் வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு முகமூடியை இறக்கிவிட்டுப் பெற்றோரைப் பார்த்தார். இவர்கள் வீட்டில் சர்க்கரை ஆலை ஏதாவது ஓடுகிறதோ என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் இருந்தது.

“கடைவாய்ப் பல் எல்லாமே சொத்தை. குழந்தை ஒழுங்கா பல் விளக்கறதில்லையா?”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. மிட்டாய் என்ற சொல்லையே வீட்டில் தடை செய்தவள் அவள். காலையும் இரவும் பக்கத்திலேயே நின்று, பட்டாணி அளவு பேஸ்ட்டைப் பிதுக்கிக் கொடுத்து விளக்க வைப்பவள். கைப்பையிலிருந்து டியூபை எடுத்து, சாட்சிக் கூண்டில் ஏற்றுவதுபோல மேசைமேல் வைத்தாள்.

டாக்டரம்மா குழம்பிப் போனார். அவரே எழுதிக் கொடுத்த பேஸ்ட்தான். கால்சியம், பாஸ்பேட் என்று பல்லுக்கு வேண்டிய தாது உப்புகள் கலந்தது. சொத்தை விழும் முன்பே பல்லின் மேல்பூச்சைக் கெட்டிப்படுத்தும். விலையும் யானை விலை. இதைப் போட்டு விளக்கியும் இப்படி ஆகக் கூடாதே என்று தலையைச் சொறிந்தார்.

அப்பா டியூபைக் கையில் எடுத்தார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. அடி மடிப்பை விரலால் ஒருமுறை தடவினார். அவ்வளவுதான், முகம் கறுத்துவிட்டது.

“இது டூப்ளிகேட், டாக்டர். உள்ளே இருக்கிறது வெறும் சுண்ணாம்புத் தூள்.”

“எனக்கே தெரியலையே. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நான் பேக்கிங் தொழில்ல இருக்கேன். மடிப்பைத் தொட்டாலே தெரியும்.”

எங்கே வாங்கினாய் என்று மனைவியிடம் கேட்டார். வழக்கமாக ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய மருந்துக்கடைக்கு அவரே போய்த்தான் வாங்கி வருவார். யாரையும் லேசில் நம்பாத மனுஷன். இந்த வருடம் தொழில் சூடு பிடித்து அவர் வீடு தங்குவதே அபூர்வமாகிவிட்டதால், அவள் தெருமுனைக் கடையிலேயே வாங்க ஆரம்பித்திருந்தாள். அங்கே விலையும் குறைவு.

“நான் நல்லாத்தான்ப்பா தேய்ச்சேன்” என்று பாப்பா விசும்பினாள்.

அந்தப் பிஞ்சு ஈறில் ஊசி இறங்கப் போகிறது என்று நினைக்கும்போதே அவருக்கு ஆத்திரம் பொங்கியது. இருவரையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, பைக்கை உதைத்து நேராகத் தெருமுனைக் கடையில் போய் நிறுத்தினார்.

கடைக்காரர் முதலில் கம்பெனி சரக்குதான் என்று சாதித்தார். சட்டைக் காலரைப் பிடித்ததும் உண்மையைக் கக்கினார். சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒருத்தன் ஸ்கூட்டரில் வந்து பாதி விலைக்குப் போட்டுவிட்டுப் போகிறானாம். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது.

“போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க சார். பிள்ளைகுட்டிக்காரன்.”

“எனக்கும் பிள்ளை இருக்குய்யா. போலீஸ் எதுக்கு? அவனை நானே பாத்துக்கறேன்.”

மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் கிளம்பினார். பெற்ற மனம் கொதித்தால் மோப்ப சக்தி தானாக வந்துவிடும் போலிருக்கிறது. பழைய பட்டறைகளின் சந்தில் நுழைந்து, கடைசியில் இருந்த தகரக் கொட்டகையின் முன் இறங்கி, கதவை ஓர் உதை விட்டார்.

ஆணியில் சிவப்பு ஹெல்மெட் தொங்கியது. அதன் சொந்தக்காரன் சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இயந்திரத்தில் டியூப்களின் அடியை மடித்து ஒட்டிக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் பதறி எழுந்தான். கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது.

“நம்ம வீட்டுத் தெருவுக்கு மட்டும் நம்ம சரக்கைப் போடாதேன்னு உன்கிட்ட எத்தனை தடவைடா சொல்லியிருக்கேன்?”