இரண்டு முளைகள்

"அளவுப் பாடத்தைப் புதுமையாத் தொடங்கச் சொன்னா, இதுதானோ உங்கட புதுமை?" என்று ஐந்தாம் வகுப்புக் கொப்பியை மேசையில் போட்டார் பாடசாலை அதிபர் ஆரூரன்.

லுணுகலைக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கஸ்தூரி டீச்சர் கணிதம் கற்பித்தாள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால், சரிவில் இரண்டு முளைகளை அடித்து வைத்திருந்தாள். காலையில் பிள்ளைகள் அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து எழுதி வர வேண்டும். அதிலிருந்துதான் பாடம் தொடங்கும்.

"அதே ரெண்டு முளை. திங்கள் இருநூறு சென்டிமீட்டர், நேற்று இருநூற்றி மூண்டு, இண்டைக்கு இருநூற்றிப் பத்து. பிள்ளையளுக்கு அளக்கவே தெரியேல்லையே, டீச்சர்!"

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன், சார். சரியாத்தான் அளந்தோம்னு எல்லாரும் அடம் புடிச்சாங்க. அதான் இப்ப நானே போய் அளந்து பாத்தேன். இருநூத்திப் பத்துதாங்க."

"அதெப்பிடி? முளை என்ன, நடந்து போகுமோ?"

"மொளை நடக்கல சார். மலை நடக்குது. மூணு நாளா மழை விடலையே!"

அதிபர் குடையைக்கூட எடுக்காமல் லயத்துக்கு ஓடினார். வீடு வீடாகக் கதவைத் தட்டி, முப்பத்தெட்டுக் குடும்பங்களையும் எதிர் மேட்டிலிருந்த பாடசாலை மண்டபத்துக்கு அழைத்து வந்தார்.

பின்னேரம் மூன்று மணிக்குச் சரிவு இடிந்து விழுந்து லயத்தை மூடியது. உள்ளே ஓர் உயிர்கூட இல்லை.

மண்டபத்தில் தாய்மாரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முன்னால் போய் நின்றார் ஆரூரன்.

"என்னை மன்னியுங்கோ, பிள்ளையள். நீங்கள் சரியாத்தான் அளந்தனீங்கள்."