நடுச்சுவர்

ஷிபானாவின் நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, டாக்டர் எக்கோ கருவியை வைத்தார். திரையில் இதயம் சுருங்கி விரிந்தது. பிறவியிலேயே நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல் என்பதால், வலது அறை முட்டித் தள்ளியே வேலை செய்தது. அந்தத் தள்ளலில் நடுச்சுவர் இடப்பக்கம் சாய்ந்து, உருண்டையாக இருக்கவேண்டிய இடது அறை தட்டையாகியிருந்தது. அறுவை சிகிச்சையில் வழியை அகலமாக்கிவிட்டார்கள். வலது அறையின் பாரம் இறங்கியதா என்பதை இனி அந்தச் சுவர்தான் காட்ட வேண்டும். இறங்காவிட்டால் மறுபடியும் நெஞ்சைத் திறக்க நேரலாம். டாக்டர் படத்தை நிறுத்தினார்.

"போன தடவை இந்த இடது அறையை மடிச்ச தோசைன்னு சொன்னியே, இப்ப பாரு."

"ஐ, ஆப்பம்!"

"ஓரம் மட்டும் கொஞ்சம் தட்டையா இருக்கே டாக்டர்?" என்றார் பக்கத்தில் நின்ற அவளுடைய அத்தா.

"இத்தனை வருஷம் சாய்ஞ்சே பழகின சுவருங்க. இனிமே யாரும் தள்ளலைன்னு அதுக்குப் புரிய வேணாமா? மெதுவா நிமிரும்."

வெளியே, மேலே போகும் படிக்கட்டு வந்ததும் அத்தா வழக்கம்போல அவளைத் தூக்கக் குனிந்தார். கைக்கு யாரும் அகப்படவில்லை. ஷிபானா நாலைந்து படி மேலே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நிமிருங்க அத்தா," என்றாள்.