அடைத்த பெட்டி

“மாமா, நாளைக்கு மருந்து அடிக்கிறேன். தேனீப் பெட்டிய அடைச்சிடுங்க.”

பக்கத்துத் தோட்டத்து மச்சினன் நான்கு நாளாகச் சாயங்காலம் தவறாமல் இதையே சொன்னான். மனைவியின் தம்பி, மறுத்தால் அவள் எனக்கும் வீட்டு வாசலை அடைத்துவிடுவாள். திறந்தால் தேனீ மருந்தில் சாகும், அடைத்தால் புழுக்கத்தில் சாகும். அடைத்தே வைத்தேன். உள்ளே இரைச்சல் நாளுக்கு நாள் குறைந்தது.

ஐந்தாம் நாள் வாடிய பூசணிப் பூவோடு வந்தான். “பூவாப் பூக்குது மாமா, ஒரு பிஞ்சும் பிடிக்கல!”

“தேனீ வராம எப்படிடா பிடிக்கும்? அப்படி என்ன மருந்துதான் தினமும் அடிக்கிற?”

தலையைச் சொறிந்தான். “மருந்தே அடிக்கல மாமா. கொட்டிடுமோன்னு பயம். அதான்...”

பாய்ந்துபோய்ப் பெட்டியைத் திறந்தேன். வாசலில் தேனீக்கள் செத்துக் குவிந்திருந்தன. மிஞ்சியதில் ஒன்று தள்ளாடி வந்து, அவன் கையிலிருந்த பூவில் உட்கார்ந்தது.