கிணற்றுக்குள் ஒரு டிரம்

கிணற்றுக்குள் இறங்கிய வாளி எதிலோ இடித்து 'டொக்' என்றது.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரி சட்டென்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"உள்ள என்னம்மா அது?" என்றாள் கயிற்றைப் பிடித்திருந்த அதிகாரி அம்மாள்.

"கல்லுங்க மேடம். சுவர் கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு."

கல்லாவது, மண்ணாவது! அது டிரம்.

காலையில் முதல் வேலையாக அவள் புருஷன் அக்கரையிலிருந்து எட்டு கேன் நல்ல தண்ணீரைத் துடுப்புப் போட்டுக் கொண்டுவந்திருந்தான். வெளிப்பக்கம் கரி பூசிய டிரம்மைக் கிணற்றில் இறக்கிக் கட்டி, அந்தத் தண்ணீரை அதில் நிரப்பியிருந்தான். உருளையிலிருந்து நேராக விட்டால் வாளி டிரம்முக்குள் போகும். ஒரு சாண் தள்ளிவிட்டால் உப்புத் தண்ணீர்.

அவள் கை பழகிய கை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நேராக விடுவாள். ஆனால் இந்த அம்மாள், படகைவிட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வியே "கிணறு எங்க?" அடுத்தது, "தள்ளுங்க, நானே இறைக்கிறேன்."

எல்லாம் ஒரு பலகைக்காக. வாசலில் ஆணியடித்து மாட்டிய, பச்சை இலை வரைந்த சின்னப் பலகை.

ஓட்டல் கிடையாது, ஏசி கிடையாது, மோட்டார் படகு கிடையாது. விருந்தாளி நம் வீட்டிலேயே தங்கி, நாம் தின்பதையே தின்று, தன் குப்பையைத் தானே மூட்டை கட்டிக்கொண்டு போவான். தீவைக் கெடுக்காத சுற்றுலாவாம். வலையில் மீன் விழாமல் போனபிறகு, இருபத்தேழு வீட்டிலும் அடுப்பு எரிவது அந்த இலையால்தான்.

பலகை கொடுத்த கமிட்டி வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும். பாட்டில் தண்ணீர் கூடாது. வீட்டுக் கிணற்றில் குடிக்கிற தண்ணீர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இலை உதிர்ந்துவிடும். இந்த வருடம் வியாழக்கிழமை, அதாவது இன்றைக்கு, ஒரு அம்மாள் வருவார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கிணறு உப்பாகி இரண்டு வருடம். விருந்தாளிகள் குளிக்கவென்று போட்ட மோட்டார் நல்ல தண்ணீரை உறிஞ்சித் தீர்த்தது. காலியான இடத்துக்குக் கடல் குடிவந்தது. குடிதண்ணீர்ப் படகு விடச் சொல்லி ஊரே மனு போட்டது. அது கிணற்றில் போட்ட கல்.

வாளி மறுபடி இறங்கியது.

"கொஞ்சம் இந்தப் பக்கமா விடுங்க மேடம், கயிறு அறுபட்டுடும்," என்றான் புருஷன், ஏதோ கயிற்றின் மேல் அக்கறை உள்ளவன் மாதிரி.

'ளக்.'

டிரம்முக்குள்தான்! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதிகாரி அம்மாள் பேனா மாதிரி ஒரு கருவியை வாளிக்குள் விட்டுப் பார்த்தாள். புருவம் ஏறியது. போன வருடம் வந்த கமிட்டிக்காரர் மோந்து பார்த்ததோடு சரி. இந்த வருடம் கருவியெல்லாம் வாங்கிவிட்டார்கள் போல. பிறகு ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"அட, இளநி தோத்துடும் போலிருக்கே!"

புருஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். வாசற்படியில் உட்கார்ந்திருந்த விருந்தாளி ஜோடியும் டம்ளரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தது. அதில் இருந்ததும் கேன் தண்ணீர்தான்.

அதிகாரி அம்மாள் கிணற்றுச் சுவரில் ஃபைலை வைத்து, விறுவிறுவென்று எழுதினாள். எழுதிக்கொண்டே பேசினாள்.

"அப்புறம் ஏம்மா ஊரே உப்புன்னு மனு போட்டீங்க? இருபத்தேழு வீடும் ஏறி இறங்க எனக்கு நேரமில்ல. முதல் கையெழுத்து யாரோடதோ, அந்தக் கிணறு போதும்னு நேரா இங்க வந்தேன். எங்க ஆபீஸ்ல இருக்கிறது ஒரே ஒரு தண்ணிப் படகு. பக்கத்துத் தீவுல ஜனங்க நெஜமாவே தவிக்கிறாங்க. அதை அங்க விட்டுடறேன்."

அப்படியானால் இது கமிட்டி அம்மாள் இல்லை, தண்ணீர் ஆபீஸ் அம்மாள்!

புருஷன் வாயைத் திறந்தான். அவள் அவன் கால் கட்டைவிரலை மிதித்தாள்.

வாசற்படியில் விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் நாளைக்கே கமிட்டிக்குப் போய்ச் சேரும். இருபத்தேழு வாசலிலும் ஆணி மட்டும் மிஞ்சும். சொல்லாவிட்டால்?

ஃபைல் அவள் பக்கம் திரும்பியது. அடியில் பழைய மனு. முதல் வரியில் அவள் பெயர், அவள் கையெழுத்து. மேலே புதுத் தாள்: 'நேரில் சோதித்ததில் கிணற்று நீர் நன்றாக உள்ளது. படகு தேவையில்லை.'

"இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா."

வாசல் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் பேனாவை வாங்கினாள்.

போட்டாள். பழைய கையெழுத்தின் அதே சுழிப்பு, அச்சு அசலாக.

அதிகாரி அம்மாள் ஃபைலை மூடிக்கொண்டு துறைக்கு நடந்தாள். எதிரே, இரண்டாவது படகில் வந்து இறங்கிய ஒரு அம்மாள், பச்சை இலை குத்திய தொப்பியோடு, முகமெல்லாம் சிரிப்பாக வந்துகொண்டிருந்தாள்.

"வணக்கம்மா! கிணறு எங்க?"

டிரம்மில் இன்னும் பாதி இருந்தது.