மாப்பிள்ளை கேட்ட கார்

"மாப்பிள்ளை அழைப்புக்கு இத்தாலி கார் வேணுமாம்."

செல்போனை வைத்துவிட்டு, வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார் வீரபத்திரன்.

"இன்னா காரு?" என்றாள் மனைவி அம்சா.

"அறுபது வருசத்துப் பழைய ரேஸ் காராம். செகப்பு கலராம். மெட்ராஸ்ல ஒருத்தர் கல்யாணத்துக்கு வாடகைக்கு வுடறாராம். அது வந்தாத்தான் தொரை ஏறுவாராம்."

மாப்பிள்ளை லோகேஷுக்கு ஊர் மாகறல். வேலை டயர் கடையில். சொத்து என்று இருப்பது ஒரு பைக். அதுவும் நாலு உதை உதைத்தால்தான் கிளம்பும். அல்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்?

வீரபத்திரன் ஐயம்பேட்டையில் குட்டி யானை என்கிற மினி லாரி ஓட்டிப் பிழைப்பவர். பட்டுக்கடைச் சரக்கு, திருவிழா சீரியல் லைட் செட்டு, எது கிடைத்தாலும் ஏற்றுவார். அந்தக் காரின் வாடகையைக் கேட்டதும் அவருக்கு வயிறு எரிந்தது. அந்தக் காசில் இன்னொரு பந்தியே போடலாம்.

"முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றாள் அம்சா.

"பத்திரிகை குடுத்தாச்சு. இப்ப அவன் எதுனா கோணல் பண்ணா நம்ம பொண்ணு மானம்தானே போவும்?"

உள்ளே இருந்து பிரவீனா எட்டிப் பார்த்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை செய்கிற பெண்.

"அது நல்ல காருபா. அந்தக் காலத்துல மலை ரோட்டுல ரேஸ் ஓடுன வண்டி. கம்பெனில ரேஸ் டிராக்குக்குக் கூட்டிக்கினு போனப்ப பாத்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே..."

"நீ சும்மா இரு. வண்டியப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? போய் மருதாணி வைக்கற வேலையப் பாரு."

திட்டிக்கொண்டே காருக்கு முன்பணம் கட்டினார். மாப்பிள்ளை கேட்டால் செய்யாமல் முடியுமா?

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், அந்தக் காரைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டேன் என்று மண்டப வாசலிலேயே நின்றுகொண்டார். மாப்பிள்ளையை அழைத்துவர அம்சாவின் தம்பி சத்யராஜ்தான் பிள்ளையார் கோயிலுக்குப் போனான். போனவன் வியர்க்க விறுவிறுக்கத் தனியாகத் திரும்பி வந்தான்.

"மாமா, காரு மூங்கில் மண்டபம் பஸ் ஸ்டாப்பாண்ட பொகை வுட்டுக்கினு நிக்குது. மேளத்துக்குப் பின்னாடி ஊர்ந்து வந்தா அதுக்குத் தாங்காதாம். வேகமா ஓடி காத்து பட்டாத்தான் என்ஜின் சூடேறாதாம்."

"ரேஸ் ஓடற வண்டியில ஊர்கோலம். ஆசை இருக்குது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குது கழுதை மேய்க்க."

"இன்னும் கேளுங்க. மொத்தமே ரெண்டு சீட்டு. டிரைவருக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு. மாப்பிள்ளைத் தோழன் கோவிச்சிக்கினு பஸ் ஏறிட்டாரு."

வீரபத்திரனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நன்றாக வேண்டும் அவனுக்கு.

லோகேஷ் மாலையும் கழுத்துமாக நடந்தே வந்து சேர்ந்தான். வந்தவன் முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை. பந்தியில் உட்கார்ந்த ஆம்பளைகளில் பாதிப் பேர் இலையை அப்படியே விட்டுவிட்டு, நின்றுபோன காரோடு செல்பி எடுக்க ஓடினார்கள். ஓடாத பழைய தகரத்துக்கு அப்படி என்ன மவுசோ.

'பவுசு போதுமா மாப்ளே' என்று கேட்க நாக்கு துடித்தது. பெண்ணைப் பெற்றவர், "வாங்க" என்று மட்டும் சொல்லிவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அம்சா பதறிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, பிரவீனாவக் காணோம். மாப்பிள்ளையையும் காணோம். காரு சூடு ஆறிடுச்சாம். ஒரு ரவுண்டு ஓட்டிக்கினு வரேன்னு டிரைவர்கிட்ட சாவி வாங்கி, இவளையும் ஏத்திக்கினு பூட்டாராம். டிரைவர் பந்தியில சாப்ட்டுக்கினு இருக்கான்."

"தாலி ஏறலை, அதுக்குள்ள ஊர் சுத்தலா?" என்று யாரோ ஒரு கிழவர் உரக்கக் கேட்டார். சொந்தக்காரர்கள் முகவாயில் கை வைத்துக்கொண்டார்கள். வீரபத்திரனுக்கு உடம்பெல்லாம் கூசியது. குட்டி யானையை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்கரை ரோட்டில் விரட்டினார்.

காருக்கு முன்னால் அதன் சத்தம் வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸும் கையுமாக எழுந்து நின்றார்கள். சிவப்புக் கார் சீறிக்கொண்டு வந்து, அவரைப் பார்த்ததும் ஓரங்கட்டியது.

விறுவிறுவென்று டிரைவர் பக்கம் போனார். வலது பக்கத்தில் லோகேஷ் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் மாப்ளே, வெக்கம் மானம் இருக்குதா? காலையில தாலி கட்டப் போறவன், பொண்ணை வச்சிக்கினு ரோட்டுல ரேஸ் ஓட்றியா? மொதல்ல ஸ்டீரிங்கை வுட்டுட்டு எறங்கு."

லோகேஷ் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். அவனுக்கு முன்னால் ஸ்டீரிங்கே இல்லை.

இத்தாலிக்காரன் ஸ்டீரிங்கை இடது பக்கம் வைத்திருந்தான். அதைப் பிடித்திருந்தவை மருதாணிக் கைகள். பிரவீனா மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை.

"உனக்கு... எப்படிம்மா?"

"கம்பெனியில புது வண்டிங்களை ஓட்டிக்கினு போய் யார்டுல நிறுத்தறது இவதான் மாமா" என்றான் லோகேஷ். "இந்தக் காரை ஒரு தடவையாவது ஓட்டணும்னு இவளுக்குத்தான் ஆசை. நான் கேட்டது இவளுக்காக."

வீரபத்திரனுக்குக் கோபம் பாதி, அழுகை பாதி.

"அதை இவளே எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? பெத்த அப்பன், மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

லோகேஷ் ரோட்டோரம் நின்ற அவருடைய வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் ஒரே ஒரு தடவ கேட்டேன், மெட்ராஸ்லேந்து இத்தாலி காரே வந்துச்சு மாமா. இவ லைசென்ஸ் எடுத்த நாள்லேந்து உங்க குட்டி யானையைத்தான் கேட்டுக்கினு இருக்கா."