சொந்தக் கையால் துடைத்த சக்கரம்

"என்னங்க, அப்பா பஸ் ஏறிட்டாராம். சாயங்காலமே வந்துடுவாராம்."

வாசலிலிருந்து மனைவி போட்ட சத்தத்தில் மருமகனின் கால் இடறி, வாளி டமாலென்று உருண்டது. சோப்புத் தண்ணீர் மோட்டார் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

"நாளைக்குத்தானே வர்றதா சொன்னாரு?"

"அத்தை வீட்டுல கொசுக்கடி தாங்கலையாம். கிளம்பிட்டாரு."

மருமகன் சக்கரத்தைப் பார்த்தான்.

அவனுடைய புது வேலை ஊரின் மறுகோடியில் இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போவதற்குள் தினமும் தாமதம். மேலாளர் கடைசி எச்சரிக்கையும் கொடுத்துவிட்டார். வீட்டிலோ மாமனாரின் வண்டி சும்மா நின்றது. ஊருக்குக் கிளம்பும்போது அவர் சாவியை இவன் கையில் வைத்து, "ஓட்டிப் பாருங்க மாப்பிள்ளை. வந்து சக்கரத்தைப் பாத்துட்டு, சாவி உங்ககிட்டயே இருக்கலாமான்னு சொல்றேன்" என்றிருந்தார்.

சக்கரம்தான் அவருக்கு உயிர். ஞாயிறு காலையில் துணியும் டப்பாவுமாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். "வீட்டுல நசநசன்னு ஆள் நடமாட்டம். மரத்தடியில தனியா உக்காந்தாத்தான் எனக்குக் கை ஓடும்" என்பார். மதியம் திரும்பும்போது ரிம்மில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கூடவே ஒரு பிரசங்கமும் உண்டு. "கடையில குடுத்துத் தொடைக்கிறவனெல்லாம் வண்டியே வச்சுக்கக் கூடாது."

நேற்று மருமகன் புதிதாகத் தார் போட்ட சாலையில் போய்விட்டான். ரிம்மில் தெறித்த தாரைப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் ஒரு பிடி பிடித்தான். தார் போனது. கூடவே பளபளப்பும் போனது.

மனைவி குனிந்து பார்த்தாள். "அடிப்பிடிச்ச சட்டியைத் தேச்ச மாதிரி இருக்கு."

"சும்மா இரு. நானே நொந்து போயிருக்கேன்."

"தேச்சது நீங்க. நொந்தது ரிம்."

"பேசாம கடையில குடுத்துடவா?"

"இந்தப் பக்கத்துக் கடைக்காரங்க அத்தனை பேரும் அப்பாவுக்குச் சிநேகிதம். அவர் காதுக்குப் போச்சுன்னா நீங்க கடைசி வரைக்கும் பஸ்தான்."

அப்போதுதான் மருமகனுக்கு அந்தக் கடை ஞாபகம் வந்தது. வேலைக்குப் போகும் வழியில், கிடங்குகளுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் தகரக் கொட்டகை. பஸ் ஜன்னலில் தினமும் கண்ணில் படும். தெரிந்தவர்கள் தலைவைத்துப் படுக்காத இடம். வண்டியைக் கிளப்பினான்.

கடைக்காரர் வண்டியையும் இவனையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கும் தெரியக் கூடாது அண்ணே."

"நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன். அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

கைமோட்டாரின் முனையில் சுழலும் துணி வட்டில் பசையைத் தடவி, ரிம்மில் வைத்து அழுத்தினார். மை மாதிரிக் கறுப்பு கிளம்பியது. துடைக்கத் துடைக்க அடியிலிருந்து வெள்ளியாய் மின்னியது ரிம். மருமகனுக்கு மெல்ல மூச்சு வந்தது.

"முடிஞ்சுது. கையை நீட்டுங்க."

"கையா? எதுக்கு?"

அந்தக் கறுப்பு படிந்த துணியால் அவனுடைய உள்ளங்கையிலும் விரல்களிலும் இழுவினார் கடைக்காரர்.

"இவ்ளோ சுத்தமான கையோட போய் நான்தான் தொடச்சேன்னு சொன்னா, வீட்ல யார் தம்பி நம்புவாங்க? இந்த உபகாரம் நம்ம கடையில மட்டும்தான். வேற எங்கயும் கிடைக்காது."

மருமகன் நெகிழ்ந்துபோய்க் கை குவிக்கப் போனான்.

"கும்பிடாதீங்க, கலைஞ்சிடும்."

மாலையில் மாமனார் வந்தார். பையைக் கீழே வைத்தார். மகள் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. நேராக வண்டியிடம் போய்க் குந்தி உட்கார்ந்து, முன்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"யார் தொடச்சது?"

"நான்தான் மாமா. காலையிலேர்ந்து உக்காந்து..."

"தனியாவா?"

"தனியாத்தான்."

மகள் கூரையில் எதையோ தேடுகிறவள் போல அண்ணாந்து நின்றாள்.

"கையைக் காட்டுங்க."

மருமகன் காட்டினான். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளங்கையைப் பார்த்தார். திருப்பினார். நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார்.

"கையெல்லாம் கறுப்பு. நகக்கண்ணு மட்டும் வெள்ளை வெளேர்னு இருக்கே. ரிம்மைத் தொடச்சா மொதல்ல கறுக்குறது அதுதான் மாப்பிள்ளை."

இரண்டு பஸ்களும் மேலாளரின் முகமும் மருமகனின் கண்முன் வந்து போயின. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மாமனாரிடம் நீட்டினான்.

அவர் அதை வாங்கவில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"நீ உள்ள போய் எனக்குக் காபி போடும்மா."

அவள் கணவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்கும்வரை மாமனார் காத்திருந்தார். பிறகு மருமகனின் விரல்களைச் சாவியின் மேலேயே மடித்து மூடினார். அவன் காதருகே குனிந்தார்.

"எனக்கு எப்பவும் நகக்கண்ணுலயும் வச்சு விடுவான். உங்களுக்கு எப்படி மறந்தான்?"